கசெற்றில் வந்த மழை

எண்பதுகளின் நடுவில் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டு மேல்மாடி அறையில் இருந்தேன். அகதியாக வந்தவள். சலவைத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். ஊரில் கல்யாணமாகி ஆறாம் மாதமே அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். பாலைவனத்தில் ஓர் அரபியின் பேரீச்சந் தோட்டத்தில் பம்பு பார்க்கும் வேலை. தோட்டத்துக்குள்ளேயே தகரக் கூரை வீடு.

கடிதம் எழுத அவருக்குப் பஞ்சி, சோம்பல். கசெற்றில் பேசிப் பதிந்து அனுப்புவார். எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: மழை இல்லை, கிணறு வற்றுகிறது, இந்த நேரத்தில் பம்பை விட்டுவர முதலாளி சம்மதிக்க மாட்டார். "ஒரு மழை பெய்யட்டும். அடுத்த பிளேனிலை வந்திடுவன்" என்பார். மூன்று வருடம் அதை நம்பினேன். லண்டன் தூறலில் நனைந்த கோட்டோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, அங்கே மழை பெய்ய வேண்டுமென்று கும்பிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்தேன்.

அடுத்த அறையில் இருந்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டோம். எனக்குக் காய்ச்சல் வந்தால் என் உடுப்பையும் சேர்த்துத் தோய்த்துப் போடுவாள். அவளுடைய தம்பி அதே பாலைவன ஊரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டினான்.

ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, தபாலில் கசெற் வந்தது. அக்கா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று அங்கேயே போட்டேன்.

முதலில் பேச்சே இல்லை. தகரத்தில் கல் கொட்டுவது போலச் சத்தம். பிறகு அவர் குரல், சிரிப்பும் மூச்சிரைப்புமாக.

"இஞ்சரும், கேக்குதோ? மழை! முற்றமெல்லாம் வெள்ளம்!"

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவர் வெளியே இறங்கியிருக்க வேண்டும், சத்தம் இன்னும் பெரிதானது. அப்போது பின்னால் ஒரு பெண் குரல், கொஞ்சம் எரிச்சலோடு.

"இஞ்சேருங்கோ, பிள்ளை மழைக்குள்ளை ஓடுறாள். தூக்குங்கோ."

"அப்பா, தண்ணி!" என்றது ஒரு குழந்தை.

டக்கென்று நின்றது. மிச்சம் வெறும் இரைச்சல். அந்தச் சந்தோசத்தில் பதிந்ததை அவர் திரும்பப் போட்டுக் கேட்கவேயில்லை போலும்.

நான் போட்டுக் கேட்டேன். மூன்றாம் முறை அக்கா வந்து நிற்பாட்டினாள். "காணும், போதும்" என்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்." கத்தியைக் கீழே வைத்தாள். "தம்பி எழுதி இரண்டு வருசமாகுது. முதலாளி வீட்டிலை வேலைக்கு வந்த எங்கடை ஊர்ப் பெட்டையாம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் விரதமெல்லாம் பிடிச்சுக்கொண்டு இருந்தீர். எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு."

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் தெருமுனை போன் பெட்டியிலிருந்து தோட்டத்து ஒபிசுக்கு எடுத்தேன். அவரைக் கூட்டிவந்தார்கள்.

"மழை பெய்திட்டுது. எப்ப வாறியள்?" என்றேன்.

கிணறு ஊற இன்னும் நாளாகும் என்றார். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"உமக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்."

அவர் வரவேயில்லை. தொண்ணூறுகளில் விவாகரத்துப் பத்திரம் வந்தது, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவர்மேல் இருந்த கோபம் அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தது. அக்காமேல் இருந்தது தேயவில்லை. தூரத்தில் இருந்தவர் பொய் சொன்னார், சரி. பக்கத்தில் இருந்தவள் என் விரதத்துக்கு இரண்டு வருடம் மரக்கறி அரிந்து தந்தாள்.

கசெற் வந்த அந்த மாதமே குட்மேய்ஸில் அறை பார்த்துப் போய்விட்டேன். வெகுகாலம் கழித்து சட்டனில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது.

"உம்மை நோகடிக்கக்கூடாதெண்டுதான்..." என்று தொடங்கினாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தேன். அவள் ஒன்றும் சாப்பிடாமல் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.