கவிழ்த்து வைத்த நீல வாளி

சென்ற வாரம் வியாழக்கிழமை பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலில் கருத்தரங்கு. கேமரன் மலையில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஏர்கான் அறையில் உட்கார வைத்தார்கள். அதற்கே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது.

மீதிக் கோபம் எங்கே வந்தது? சொல்கிறேன்.

தலைப்பு, சமூகப் புத்தாக்கமும் வணிகப் புத்தாக்கமும். கஷ்டப்படுகிற ஜனங்கள் தங்கள் கஷ்டத்துக்குத் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தால் அது சமூகப் புத்தாக்கமாம். கம்பெனி லாபத்துக்காகக் கண்டுபிடித்தால் வணிகப் புத்தாக்கமாம். இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் ஆராய்ச்சி.

நல்ல கேள்விதான். நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கிளார்க்காக, உட்கார்ந்து எழுதியவன். ஃபாரம் என்று ஒன்று கையில் கிடைத்தால் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட மாட்டேன். அந்தப் புத்திதான் இந்தக் கதையில் வில்லன்.

பேசியவர் டாக்டர் பிரேமா. கேஎல்லில், கோலாலம்பூரில்தான், விரிவுரையாளர், தங்கமான பெண். திரையில் முதல் படம் வந்தது... ஒரு பழைய பெஞ்சு, அதன் மேல் கவிழ்த்து வைத்த நீல வாளி.

அந்த வாளியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தோட்டத்து முச்சந்தியில் இருக்கும் வாளி. லெட்சுமியின் வாளி.

லெட்சுமி கொழுந்து பறித்தவள். நாலு வருஷத்துக்கு முன் கிட்னி போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் தானா ராத்தா டவுனில் இருக்கும் சென்டருக்கு டயாலிசிஸ் போக வேண்டும். மகன் தேயிலை ஃபேக்டரியில் காலை ஷிப்ட். திரும்பும்போது மோட்டார் பைக்கில் கூட்டி வந்துவிடுவான். போவதற்கு? பஸ்ஸை நம்ப முடியாது. ரோட்டோரத்தில் நிற்கலாம் என்றால் பஸ் ஸ்டாப்பில் பெஞ்சு இருக்கிறது, கூரை இல்லை. மழையிலும் குளிரிலும் அந்த உடம்பு எவ்வளவு நேரம் நிற்கும்?

லைன் வீட்டுப் பெண்கள் ஒரு வழி செய்தார்கள். வாளியைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு, லெட்சுமி கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் முனீஸ்வரன் கோயில் கூரைக்கடியில் உட்கார்ந்துகொள்வாள். திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரிக்காரர் வாளியைப் பார்த்தால் மூன்று முறை ஹாரன் அடிப்பார். அவள் வந்து வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். பின்னால் வரும் அதே முதலாளியின் அடுத்த லோரி வீணாக நிற்காது. வாளி நிமிர்ந்திருந்தால், வண்டி கிடைத்துவிட்டது என்று லைனுக்கும் தெரியும். நாலு வருஷம் ஒரு நாள் தவறியதில்லை.

ஆறு மாதத்துக்கு முன் பிரேமா ஆராய்ச்சிக்காக எங்கள் லைனுக்கு வந்தபோது லெட்சுமி சொல்ல ஒத்துக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் எதுக்கு வெளியில சொல்லணும் கிராணி ஐயா? ஓடிக்கிட்டு இருக்குது, ஓடட்டும்லா" என்றாள்.

நான்தான் பெரிய மனுஷனாகக் குறுக்கே புகுந்தேன். "நம்ம பிள்ளதான். நல்லதுக்குத்தான் கேக்குது, சொல்லு."

சொன்னாள். பிரேமா ஃபாரத்தில் 'காய்கறி லோரி' என்று மட்டும் எழுதினார். எனக்குப் பொறுக்குமா? "இப்படி மொட்டையா எழுதினா எப்படிம்மா?" என்று சொல்லி, லோரி நம்பரை, டிரைவர் மணியத்தின் பெயரை, வருகிற நேரத்தை எல்லாம் நானே நிரப்பிக் கொடுத்தேன்.

அந்த நம்பர்தான் அன்று ஓட்டல் திரையில், ஆளுயரத்துக்கு, லோரிப் படத்தோடு வந்து நின்றது. கடைசியில் நன்றி ஸ்லைடில் என் பெயர். நான் கை தட்டினேன். ஆமாம், வெட்கமில்லாமல் நானும்தான் தட்டினேன்.

கேள்வி நேரம் வந்தது. "இதை எப்படி ஸ்கேல் அப் செய்வது?" என்று ஒருவர் கேட்டார். டை கட்டிய இன்னொருவர் எழுந்து, வாளிக்குப் பதிலாக ஒரு ஆப் செய்துவிடலாம், கம்பெனிகள் ஸ்பான்சர் செய்யும் என்றார். எங்கள் லைனில் போன் சிக்னல் வேண்டுமென்றால் கோயிலுக்குப் பின்னால் மேட்டில் ஏற வேண்டும். மேடு ஏற முடிகிற ஆளுக்கு வாளி எதற்கு ஐயா?

இரண்டாவது வரிசையில் லோரி முதலாளி இருந்தார், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் ஸ்டேக்ஹோல்டர், அதாவது சம்பந்தப்பட்டவர், என்று மரியாதையாக அழைத்திருந்தார்கள். மெதுவாக எழுந்து மலாயில் பேசினார். சரக்கு லோரியில் வெளியாள் ஏறினால் இன்சூரன்ஸ் கிடையாது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரும் தினம் அந்த ரோட்டில்தான் போகிறார். வாளியும் தெரியும், லெட்சுமியும் தெரியும். நாலு வருஷமாகத் தெரியாத மாதிரி இருந்தார். அதுதான் அவர் செய்த உதவி. ஹால் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அவர் லோரி நம்பரையே காட்டினால், மனுஷன் இனி எப்படித் தெரியாத மாதிரி இருப்பார்?

சனிக்கிழமை காலை லெட்சுமி வழக்கம்போல வாளியைக் கவிழ்த்து வைத்தாள். கோயிலில் உட்கார்ந்திருந்தாள். ஹாரன் கேட்கவில்லை. ஒன்பது மணி ஆனது, பத்து ஆனது. மகனுக்குத் தகவல் போய், அவன் ஷிப்டை விட்டு ஓடி வந்து, கியா பார்ம் சந்தையின் சனிக்கிழமை ஜாமில் மோட்டாரை நுழைத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய நேரம் தாண்டிவிட்டது. அன்று மெஷின் இல்லை.

அன்று மத்தியானம் டவுனில் இருக்கிற என் வீட்டுக்கு மணியம் போன் செய்தான்.

"தவுக்கே நேத்தே கூப்பிட்டுச் சொல்லிட்டாரு, கிராணி. ஆளு ஏத்துனா வேலை இல்ல. வாளி கவுந்து கெடந்துச்சு. நான் அந்தாண்ட பக்கம் திரும்பிக்கிட்டே ஓட்டிட்டு வந்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. "டீ குடிக்கிறீங்களா கிராணி ஐயா?" என்றாள். டயாலிசிஸ்காரிக்குத் தண்ணீரே அளந்துதான்; அவள் வாய் நிறையத் தண்ணீர் குடித்து நாலு வருஷம் ஆகிறது.

வெளியே வந்து, அந்த மேட்டில் ஏறி, பிரேமாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் ஆடிப்போய்விட்டது நிஜம்.

"ரொம்ப வருத்தமா இருக்கு அங்கிள். இத கண்டிப்பா பேப்பர்ல லிமிட்டேஷன்ஸ் பகுதியில சேர்த்துடுறேன்."

லிமிட்டேஷன்ஸ். அதாவது, ஆராய்ச்சியின் குறைகள். மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிற பொம்பளை ஒரு பத்தியில் அடங்கிவிடுவாள். என் வாயில் வந்ததையெல்லாம் பேசித் தீர்த்தேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அவர் மெல்ல ஒன்று சொன்னார்.

"லோரி நம்பர் நான் கேக்கலியே, அங்கிள்."

போனை வைத்துவிட்டேன்.

ஆனால் கோபம் ஆறவில்லை. ஆராய்ச்சிக்காரர்களே, ஒன்று கேட்கிறேன். கம்பெனிக்காரன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் என்ன செய்கிறான்? பேடன்ட் வாங்குகிறான். தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கிறான். நீங்களும் வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவன் ஃபேக்டரிக்குள் நுழைகிறீர்கள். லெட்சுமி கண்டுபிடித்தால் மட்டும் படம் பிடித்து ஊரைக் கூட்டிக் காட்டலாமா? அவளுடைய ரகசியத்துக்கு ஒரு மரியாதை கிடையாதா? இரண்டு புத்தாக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். உங்கள் ஸ்லைடில் இது இல்லை.

திங்கட்கிழமை சென்டரில் கெஞ்சிக் கூத்தாடி, செவ்வாய்க்குப் பதிலாக அன்றே ஓர் இடம் வாங்கி, என் ஓட்டைக் காரிலேயே கூட்டிப் போனேன். வீக்கம் கொஞ்சம் வடிந்தது. இனி நானே கூட்டிப் போகிறேன், வியாழக்கிழமை காலை வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று வியாழன். சொன்ன நேரத்துக்குப் போனேன். பெஞ்சில் வாளியே இல்லை. கோயிலிலும் ஆள் இல்லை. மூன்று முறை ஹாரன் அடித்துப் பார்த்தேன். மேட்டில் ஏறி மகனுக்குப் போன் போட்டேன், அவன் எடுக்கவில்லை. காரைத் திருப்பி நேராகச் சென்டருக்கு விரட்டினேன்.

உள்ளே, சன்னலோரக் கட்டிலில், கையில் ஊசியோடு லெட்சுமி படுத்திருந்தாள். எனக்கு முன்பே வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"யாரு கொண்டாந்து விட்டது?" என்று கேட்டேன்.

"வந்துட்டேன்லா."

"அதான், எப்படி வந்த?"

என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க எழுதுற ஆளு, கிராணி ஐயா" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆக, புதிதாக ஏதோ ஒரு வழி ஓடிக்கொண்டிருக்கிறது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கட்டத்தைக் காலியாகவே விடுகிறேன்.