காயடிக்கிற சின்னக்கண்ணுவின் வலி

தேவனூர் நாட்டு ஊர்களில் காளைக் கன்றுக்குக் காயடிக்க வேண்டுமென்றால் என் அக்காள் புருஷன் சின்னக்கண்ணுவைத்தான் கூப்பிடுவார்கள். காயடிக்காத காளை ஏரில் அடங்காது. இரும்பு இடுக்கியால் விதை நரம்பில் ஒரே அமுக்கு, கன்று கத்தி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

2001இல் அவருக்கு மூத்திரம் அடைத்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், விதைகளை எடுத்தாக வேண்டும் என்றார் சேலத்து டாக்டர். எடுத்தார்கள். ஊர் சிரித்தது. "மாட்டுக்குப் பண்ணுனது மனுசனுக்கு வந்துருச்சு. வாயில்லாச் சீவன் பாவம் சும்மா உடுமா?" என்று ஆரம்பித்து வைத்தவன் பக்கத்துக் காட்டு அர்த்தனாரி. அவன் கட்டுத்தறியில் நின்ற அத்தனை காளைக்கும் காயடித்தது மச்சான்தான். நாக்கில் நரம்பில்லாத பயல்.

ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தார். பிறகு இடுப்பெலும்பில் வலி. நோய் திரும்பிவிட்டது. "அதத்தான் எடுத்தாச்சே, மறுக்கா எப்படி வருது? பாவந்தான்" என்று அவரே சொல்லத் தொடங்கினார். வலி மாத்திரையைத் தொடவில்லை. அனுபவித்துத் தீர்க்க வேண்டுமாம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார், அக்காள் பொன்னாயி வெளியே போய் அழுவாள்.

டாக்டரிடமே கூட்டிப்போய்க் கேட்க வைத்தேன்.

"விதையிலிருந்து வர்ற ஆண் ஹார்மோன்தான் கட்டிக்குத் தீனி. அத நிறுத்துனா சுருங்கும். ஆனா அந்தச் சுரப்பியில வேற வகை செல்லும் கொஞ்சம் இருக்கு. பாதி நரம்பு மாதிரி, பாதி சுரப்பி மாதிரி. அதுக்கு அந்த ஹார்மோன் வேண்டாம். வளரச் சொல்ற வேற சேதிகளப் பிடிச்சுக்க அது மேல ஏற்பிகள் இருக்கு. அத வச்சே வளருது. பாவமெல்லாம் இல்ல, மாத்திரையச் சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

மச்சான் "சரிங்க" என்றார். வீட்டுக்கு வந்தும் தொடவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த வாய் அவர் காதுக்குள்ளேயே குடியிருந்தது.

மறுவாரம் அர்த்தனாரி ஒரு கன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். தூ, மனிதனா அவன்.

"ஏனுங்க, அண்ணனக் கொஞ்சம் எந்திரிச்சு வரச் சொல்லுங்க. கன்னு முட்டுது. ஒரு அமுக்கு அமுக்குனாப் போதும்."

"வாயில்லாச் சீவன் பாவமாச்சேங்க" என்றாள் அக்காள்.

"அது பண்றவிங்களுக்குத்தானுங்க. நமக்கென்ன?"

உள்ளே கட்டில் முனகியது. எல்லாவற்றையும் மச்சான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இவன் பேச்சயா நம்பிக் கெடந்தேன்! பொன்னாயி, அந்த மாத்திரையக் கொண்டா" என்றார்.