விலாசம் மட்டும் எழுதிய பெட்டி

போன சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். முருங்கைக்காய்க் கட்டோடு வரிசையில் நிற்கிறேன். பின்னால் நின்ற ஒரு அம்மா — முகம் தெரியும், பெயர் தெரியாது — தோளில் தட்டினார்.

"தம்பி, நீங்கள் அடுத்த கிழமை மொன்றியல் போறியளாம்?"

நான் மொன்றியல் போகிற விஷயம் என் மனைவிக்கே முதல்நாள்தான் தெரியும். அதற்குள் கடை வரிசைக்கு வந்துவிட்டது! ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

"என்ர தங்கச்சி அங்கதான் இருக்கிறா. ஒரு சின்னப் பார்சல்... பாரமில்லை." கையில் தயாராக ஒரு பொலித்தீன் பை. வாய் இறுக முடிச்சுப் போட்டிருந்தது.

"உதுக்குள்ள என்ன இருக்குது? ஒருக்கா அவிட்டுக் காட்டுங்கோ."

அவ்வளவுதான். "நான் என்ன கஞ்சாவே தந்துவிடுறன்?" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த வாரம் முழுக்க நான் பேப்பரில் பத்தி எழுதுகிற தலைக்கனம் பிடித்தவன். இருந்துவிட்டுப் போகிறேன். வாய் கட்டிய பையைக் கண்டால் எனக்குக் குகனின் ஞாபகம் வருகிறது.

குகனை உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்த மாதிரியே பேசுகிறீர்கள். நடந்ததையும் கேளுங்கள்.

மார்க்கம் நகரில் ஒரு எலக்ட்ரோனிக்ஸ் கொம்பனியில் அவனுக்கு வேலை. மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தான். மேலே வீட்டுக்காரர்கள் — பூமணி அன்ரியும் அவருடைய கணவரும். மகள் கல்கரியில் கலியாணம் கட்டி இருக்கிறாள்.

குகனிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. பதற வேண்டாம்! பொலிஸில் பதிந்த துப்பாக்கி. லைசென்ஸ் உண்டு. இலக்குப் பார்த்துச் சுடுகிற ஒரு கிளப்பில் அவன் உறுப்பினன். கூட வேலை செய்த வெள்ளைக்காரன் ஒருவன் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனதில் தொடங்கிய பழக்கம்.

கேள்விப்பட்டதும் நானும் உங்களைப்போலத்தான் கேட்டேன். "உனக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே எல்லாரும் இஞ்ச ஓடி வந்தனாங்கள்?"

"அதுதான் அண்ணை," என்றான். "ஊரில ஆமியின்ர சென்ரியில துவக்கைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும். இஞ்ச வந்தும் விடேல்லை. பொலிஸ்காரன்ர இடுப்பைப் பார்த்தாலே நடுங்கும். அதைக் கையில பிடிச்சு, கடதாசியில சுடப் பழகினபிறகுதான் நிண்டது."

தேத்தண்ணியை ஊற்றி அவனிடம் நீட்டினேன்.

நடுக்கம் நின்றது மட்டுமில்லை, கெட்டிக்காரனாகவும் வந்துவிட்டான். கல்கரியில் நடக்கும் போட்டிக்கு ஒன்ராறியோ அணியில் அவனையும் எடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அவன் முகத்தில் கண்ட சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அகதி விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட நாளில்கூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

ஆனால் துப்பாக்கி எப்படிக் கல்கரிக்குப் போவது? அவனுடைய வசதிக்கு பஸ் பயணம்தான். பஸ்ஸில் அதை ஏற்ற மாட்டார்கள். ஆகவே முன்கூட்டியே அங்கேயுள்ள கிளப்புக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு, சட்டப்படி.

சட்டப்படி என்றால் சும்மாவா? பொலிஸில் அனுமதி எடுக்க வேண்டும். துப்பாக்கிக்குள் ரவை, குண்டு ஒன்றும் இருக்கக்கூடாது. விசையில் ஒரு பூட்டு. துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்து அதற்கும் ஒரு பூட்டு. அந்தப் பெட்டியை ஒரு மட்டைப் பெட்டிக்குள் வைத்து, ஆடாமல் பேப்பர் அடைத்து, ரேப் நாடா ஒட்ட வேண்டும். அனுப்புகிற கொம்பனிக்கு உள்ளே இருப்பதைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் வெளியே மட்டும் துப்பாக்கி என்று தெரியும்படி ஒன்றும் எழுதக்கூடாது. கள்ளன் கண்ணில் படக்கூடாதல்லவா? விலாசம் மட்டும்தான்.

குகன் ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னான். "தாலி கொண்டுபோறவன்கூட இவ்வளவு கவனமாய்ப் போகமாட்டானடா," என்று நான் பகிடி பண்ணினேன்.

பெட்டியைக் கட்டித் தன் அறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். மத்தியானம் வந்து, அனுப்புகிற கொம்பனியின் வான்காரனிடம் தன் கையாலேயே கொடுப்பதாக ஏற்பாடு.

பேஸ்மென்டில்தான் உடுப்புத் தோய்க்கிற மெஷினும் இருந்தது. காலையில் பூமணி அன்ரி உடுப்புக் கூடையோடு இறங்கி வந்தார். குகனுடைய அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை. எங்கள் ஆட்களின் பேஸ்மென்டில் எந்த அறைக்குப் பூட்டு இருக்கிறது? அங்கே ஒரு பெட்டி. பெட்டியில் 'கல்கரி' என்ற விலாசம். வேறொன்றும் எழுதவில்லை.

சட்டம் எழுதியவர்களுக்கு எங்களைத் தெரியாது. ஒன்றும் எழுதாத பெட்டி அவர்களுக்குப் பாதுகாப்பான பெட்டி. எங்களுக்கு, இன்னும் இடம் இருக்கிற பெட்டி.

அன்ரி ரேப்பை வெட்டினார். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியைக் கண்டார். நகையாக்கும் என்று நினைத்தாராம். சுற்றிவர அடைத்திருந்த பேப்பரை எடுத்தெறிந்தார். மகளுக்காக வறுத்து அரைத்து வைத்திருந்த மிளகாய்த்தூளைச் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் போட்டு, றப்பர் பான்ட் சுற்றி, அந்த இடத்தில் அடைத்தார். திரும்ப ரேப் ஒட்டினார் — குகன் ஒட்டியதைவிட வடிவாக. மகளுக்கு ரெலிபோன் எடுத்து, விலாசத்தில் இருந்த கிளப்புக்குப் போய்த் தூளை வாங்கிக்கொள்ளச் சொன்னார். குகனுக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. நான்கு பை தூளுக்கு யார் அனுமதி கேட்பார்கள்?

மத்தியானம் குகன் ஓடி வந்தபோது வான்காரன் வாசலில் நிற்கிறான். அவசரத்தில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தான். உள்ளே துப்பாக்கி, வேறொன்றும் இல்லை என்று கையெழுத்தும் போட்டான்.

கொம்பனியின் களஞ்சியத்தில் ஒரு பை வெடித்தது. தூக்கியவனுக்குத் தும்மல், கண்ணெரிவு. பெட்டியைத் திறந்தார்கள். பெயர் ஒட்டாத பைகளில் சிவப்புத் தூள். நடுவில் பூட்டிய துப்பாக்கி. அனுப்பியவர் பெயர் ஒரு முழ நீளத் தமிழ்ப் பெயர். இங்கிலிஷ் பேப்பர்களில் எங்கள் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். பொலிஸ் என்ன நினைத்திருக்கும்?

வேலையிடத்துக்கு வந்து, எல்லோரும் பார்க்கக் குகனுக்கு விலங்கு போட்டார்கள். பொய்யாகக் கையெழுத்திட்டது, மற்றவர்கள் கை வைக்கும்படி துப்பாக்கியை விட்டுப்போனது... இப்படிக் குற்றச்சாட்டுகள். அடுத்தநாள் பிணையில் வந்தவன் என் வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் பிடிக்க முடியவில்லை.

சிவப்புத் தூள் என்றதுமே அது யாருடைய வேலை என்று குகனுக்கு விளங்கிவிட்டது. அவனுடைய லோயர் சொன்னார், இது பெரிய வேலையில்லை. பெட்டியைத் திறந்து தூள் வைத்தது நான்தான் என்று வீட்டுக்கார அம்மா பொலிஸில் வந்து ஒரு வசனம் சொன்னால் போதும். துப்பாக்கியும் திரும்பும், லைசென்ஸும் மிஞ்சும், போட்டிக்கும் போகலாம்.

"நீங்கள் சொன்னால் கேப்பா அண்ணை," என்றான் குகன். போனேன்.

"ஓம் தம்பி, நான்தான் வைச்சனான்," என்றார் பூமணி அன்ரி, ஒளிக்காமல். "இடம் கிடந்துது, வைச்சன். அதுக்கு இவ்வளவு பெரிய கூத்தோ?"

"இதை வந்து பொலிஸில ஒருக்காச் சொல்லிவிடுங்கோ அன்ரி. நானும் கூட வாறன்."

முகம் வெளிறிப்போனது. "பொலிஸுக்கோ? என்ர தமையனையும் ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போ எண்டுதான் கூப்பிட்டவங்கள். போனவர் வரேல்லை. நான் வரமாட்டன் தம்பி. என்னைக் கேக்காதேங்கோ."

அழுதார். அந்தப் பயத்தோடு நான் எப்படி வாதாடுவது? அது பொய்ப் பயமில்லை. குகனுடைய கை நடுங்கியதும் அதே பயத்தில்தானே? இது அந்த ஊர் இல்லை, இந்தப் பொலிஸ் வேறு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை இருக்கவில்லை. முதல்நாள்தானே விலங்கு போட்டிருந்தார்கள்?

அதோடு விட்டிருந்தால் நான் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். உள்ளேயிருந்து கணவர் வந்தார்.

"துவக்கு வைச்சிருந்தவன் அவன். நாங்கள் ஏன் அலைய வேணும்? வேற இடம் பார்க்கச் சொல்லுங்கோ."

குகன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் என் காதுபடவே அன்ரி யாரிடமோ சொல்கிறார்: "எங்கட பேஸ்மென்டில இருந்த பெடியன்... துவக்கோட பிடிபட்டவன். ஆரை நம்புறது?" கேட்டவர் "ச்சூ" கொட்டினார். மிளகாய்த்தூள் அந்தக் கதையில் இல்லை. நீங்கள் கேட்ட கதையிலும் இருந்திருக்காது.

கடைசியில் அரசாங்கத் தரப்பு ஒரு வழி சொன்னது: துப்பாக்கியையும் லைசென்ஸையும் ஒப்படைத்துவிடு, வழக்கை எடுத்துவிடுகிறோம். குகன் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பித்திருந்தான். வழக்கு இழுபட்டால் அதுவும் இழுபடும் என்றார் லோயர். கையெழுத்துப் போட்டுக்கொடுத்தான். அந்தத் துப்பாக்கியை உருக்கிவிடுவார்களாம். ஒரு விதியையும் விடாமல் படித்து நடந்தவனுக்கு இந்த நாடு கொடுத்த மரியாதை அது. நாங்கள் கொடுத்தது அதைவிடக் கேவலம்.

கல்கரியில் போட்டி நடந்த அன்று அவன் ஓவர்டைம் செய்தான்.

பிறகு ஒருநாள் பொலிஸிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. தூளைச் சோதித்துப் பார்த்தார்களாம். வெறும் மிளகாய்த்தூள். குற்றமில்லாத பொருள், வந்து பெற்றுக்கொள்ளலாம்! நான்தான் காரில் கூட்டிப் போனேன். மூன்று பைகளையும் பெரிய பை ஒன்றில் போட்டு, முத்திரை ஒட்டிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் குகன் அதை என் மடியில் வைத்தான்.

"அண்ணை, நீங்கள் குடுத்துவிடுங்கோ. நான் அங்க வரேல்லை."

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏதாவது சொல்வார் என்று வாசலில் நின்றேன். 'பாவம் பெடியன்' என்றாவது. பூமணி அன்ரி முத்திரையைக் கிழித்தார். ஒரு பையை அவிழ்த்து மணந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"வாசம் போகேல்லை," என்றார். "கல்கரிக்கு ஆரும் போகினமோ தம்பி?"