ஐயா சொன்ன சாட்டு

மயிலிட்டியில் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தும், வள்ளத்தில் ஏறினால் எனக்குக் குமட்டிச் சத்தி வந்துவிடும். ஐயாவுக்கு அது பெரிய வெட்கம். "மூத்தவன் ஏன் கடலுக்கு வாறேல்லை?" என்று யாராவது கேட்டால், "அவன் படிக்கிறான்" என்று சாட்டுச் சொல்லிச் சமாளிப்பார். நான் உண்மையிலேயே விழுந்து விழுந்து படித்ததை அந்த மனிதர் ஒருநாளும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

பல்கலைக்கழகத் தெரிவு முடிவு வந்த அன்று கரைக்கு ஓடினேன். ஐயா வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் கம்பசுக்கு எடுபட்டிட்டன். எஞ்சினியரிங்."

"பகிடி விடாதை."

"உண்மையாத்தான்."

கையிலிருந்த மீன் நழுவி விழுந்தது. என்னையே பார்த்தபடி நின்றவர் மெல்ல மணலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. இனி ஆருக்கும் பொய் சொல்லத் தேவையில்லை."