தண்டவாளத்தின் மேல் ஒரு செக்

அம்மையில் பார்வை போன என் அக்காள் புருஷருக்கு, பொழுதுபோக்காக நான் சதுரங்கம் கற்றுக்கொடுத்தேன். துளையிட்ட பலகையில் காய்களைத் தடவித் தடவிப் பழகியவர், நாளடைவில் பலகையே வேண்டாமென்று வாயாலேயே ஆட ஆரம்பித்தார். தம் முறை வந்தால் மட்டும் ஆடாமல் அசையாமல் யோசிப்பார். எனக்கு ஒரே பெருமை.

போன மாதம் ஒரு சாயங்காலம், லஸ் பக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே சதுரங்கம் ஆடியபடி நடந்தேன். டிராம் பாதையைக் கடக்கையில், ஜெயிக்கும் ஆசையில், "அத்திம்பேர், குதிரையால ராஜாவுக்குச் செக்!" என்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் முன்னே நடந்ததில் கை நழுவியது. மணியடித்துக்கொண்டே டிராம் வந்தது.

"வாங்கோ! வாங்கோ!" என்று கத்தினேன். அவர் முகம்கூடத் திரும்பவில்லை. பாய்ந்து இழுத்தேன். டிராம் அவருடைய அங்கவஸ்திரத்தை உரசிக்கொண்டு போயிற்று.

"இன்னா சாமி, சாவறதுக்கு வேற எடம் கெடிக்கலயா?" என்று டிரைவர் கத்திவிட்டுப் போனான்.

நான் அவரை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அத்திம்பேர் நிதானமாகச் சொன்னார்: "ராஜாவை மூலைக்கு நகர்த்திட்டேன். உன் முறைடா. ஏன் பேசமாட்டேங்கறே?"

இப்போது தெருவில் நான் ஆட்டப் பேச்சே எடுப்பதில்லை. அவர் மணிக்கட்டையும் விடுவதில்லை. ஆனாலும் சில நாள், நடுத்தெருவில், தம் முறை வந்துவிட்டாற்போல அவர் தானாகவே நின்றுவிடுகிறார்.