சித்தப்பா பெயருக்கு விழுந்த புத்தகம்

ஒரு வருஷத்தில் படித்ததில் பிடித்த புத்தகங்கள் எவை என்று யாராவது கேட்டால் நான் போன வருஷத்தைச் சொல்வதில்லை. ஏழாம் வகுப்பு படித்த வருஷத்தைத்தான் சொல்வேன். அந்த வருஷத்துப் புத்தகங்களை எல்லாம் நான் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். ஏரியில் இறாலுக்கு வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான் உண்டு. அவற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, கல்யாணமான ஆண்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம், எப்போது என்று முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை இறங்கக் கூடாது. முறை முடிந்தால் மீன் துள்ளிக்கொண்டிருந்தாலும் வலையை அவிழ்த்துவிட வேண்டும்.

அந்த ஆனி மாதம் மீஞ்சூர்ப் பக்கம் மாற்றலாகிப் போன எங்கள் வாத்தியார், தூக்கிக்கொண்டு போக முடியாமல் ஒரு மரப்பெட்டி நிறையப் புத்தகங்களை ஊருக்கென்று விட்டுப் போனார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். யாரோ ஒருத்தன் மொத்தத்தையும் அமுக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய கவலை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் சொற்பம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏரிக்கு எப்படியோ அப்படியே புத்தகத்துக்கும் என்று முடிவானது. அமாவாசைக்கு அமாவாசை சீட்டு குலுக்குவது. விழுந்த வீட்டில்தான் புத்தகம் இருக்க வேண்டும், வாசல் தாண்டக் கூடாது. அடுத்த அமாவாசைக்குப் பாதியில் நின்றாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முதலில் விழுந்தது வயலுக்கு உரம் போடுவது பற்றிய புத்தகம். உப்பு பூத்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு அப்பா அதை மரியாதையாக ஒரு மாதம் காவல் காத்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோழி வளர்ப்பு விழுந்தது. அவரிடம் கோழியே கிடையாது. நான் போய் உரக்கப் படிக்கப் படிக்க அவருக்கு ஆசை முற்றி, பொன்னேரிச் சந்தையில் கோழிகள் வாங்கி வந்துவிட்டார். காசி யாத்திரைப் புத்தகம் விழுந்த கோடி வீட்டுக்காரர் ரயில் வரும் பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார். அவர் அனுப்பம்பட்டில் ரயிலைப் பார்த்திருக்கிறார். அது அங்கிருந்து கிளம்பி அவ்வளவு தூரம் போகிறது என்பதில் அவருக்குக் கடைசி வரை நம்பிக்கை வரவில்லை. எனக்கு இந்த மூன்று புத்தகங்களும் ரொம்பப் பிடித்திருந்தன. உரமும்தான்.

கார்த்திகை அமாவாசையில் சித்தப்பா பெயருக்கு ஒரு கதைப் புத்தகம் விழுந்தது.

சித்தப்பா அப்போது இல்லை. இல்லை என்று சொல்லவும் ஊருக்கு வாய் வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போனவர் புயலில் திரும்பவில்லை. கட்டுமரம் கரை ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. அடுத்து வந்த தையில், வருஷா வருஷம் போல ஏரிப் பாட்டுக்குச் சீட்டு எழுதியபோது யாரும் ஒன்றும் பேசாமல் அவர் பெயரையும் எழுதினார்கள். அவர் முறை வரும்போது அப்பா வலை கட்டி, கிடைத்ததைச் சித்தியிடம் கொடுத்தார். புத்தகத்துக்கும் அதே சீட்டுகளைத்தான் குடத்தில் போட்டார்கள்.

சித்திக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்விடுவேன். அவள் இறாலைக் கூறு பிரித்துக்கொண்டே கேட்பாள். கதையில் ஒரு பெண்ணின் புருஷன் ரங்கூனுக்குப் போகிறான், வருஷக்கணக்கில் தகவல் இல்லை. தாலியைக் கழற்று என்று ஊரே சொல்கிறது, அவள் மாட்டேன் என்கிறாள். எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. வேகமாகப் படிப்பேன். சித்தியோ, "மெதுவா படிடீ, இன்னா அவசரம்" என்பாள். கடைசிப் பக்கங்கள் நெருங்க நெருங்க அவள் கேட்பதும் குறைந்துபோனது. புத்தகத்தை நான் கையில் எடுத்தாலே, "இன்னிக்குத் தலைய நோவுது, நாளிக்குப் பாக்கலாம்" என்றாள். மார்கழி அமாவாசை வந்தது. கொஞ்சம் பக்கங்கள் மிச்சம் இருக்கும்போதே, யாரும் கேட்டு வருவதற்கு முன்னால், காலையிலேயே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தை நெருங்கியது. ஏரிச் சீட்டு எழுத வேண்டும். அப்பா சித்தியிடம் நேரில் பேச மாட்டார். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஊர்ல கேக்குறாங்க. அவன் பேரை எழுதறதா வாணாமானு. எழுதலன்னா, மத்ததும் செஞ்சி முடிக்கணும்ன்றாங்க."

மத்தது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். கருமாதி, தாலி கழற்றுவது.

"எழுதச் சொல்லுக்கா" என்றாள் சித்தி, அம்மாவிடம். "வந்து பாடு இன்னா ஆச்சுனு கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சித்தி பக்கம் பேச வேண்டும் என்று இருந்தது. சின்னப் பெண் பேச்சு எடுபடாது. அதையே புத்தகம் சொன்னால் எடுபடும் என்று தோன்றியது. கதைப் புத்தகம் அப்போது பக்கத்து வீட்டுக் கோழிக்காரர் முறையில் இருந்தது. ஓடினேன். கூண்டின் மேல் வைத்திருந்தார். அங்கேயே நின்று மிச்சத்தைப் படித்து முடித்தேன். படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போதும் மறுக்க மாட்டேன்.

சித்தி வீட்டு வாசலிலேயே கத்திக்கொண்டு நுழைந்தேன். "சித்தி, கடைசீல இன்னா ஆச்சு தெரியுமா?"

அவள் எழுந்து வந்து இறால் கையால் என் வாயைப் பொத்தினாள். "சொல்லாத. எனுக்கு வாணாம்."

நான் கையை விலக்கிக்கொண்டு சொல்லிவிட்டேன். "அந்த ஆளு வந்துட்டாரு சித்தி."

சித்தி மறுபடி போய் உட்கார்ந்தாள். பெரிய இறாலை ஒரு பக்கமும் சின்னதை ஒரு பக்கமுமாகப் போட்டாள். பிறகு, "எப்டி வந்தான்?" என்று கேட்டாள்.

"கப்பல்ல. பொட்டி நெறைய பொடவையோட. ஊரே மேளம் வச்சி கூட்டினு வருது."

"மேளம் வேறயா" என்றாள் சித்தி. சிரித்தாள். "எழுதறவங்களுக்கு இன்னாடீ, கப்பல் வுடுவாங்க, மேளமும் அடிப்பாங்க. கதையிலதான் இப்டிலாம் வருவாங்க." என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

சீட்டு எழுதுகிற அன்று காலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். சித்தி அம்மாவிடம் சொன்னாள். "அவரு பேரை எழுத வாணாம்னு சொல்லுக்கா."

அம்மா ஓவென்று அழுதாள். சித்தி அழவில்லை. அப்பா வலையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கதையில் புருஷன் திரும்பி வந்துவிட்டான், நல்ல முடிவு, அதை முதலில் சொன்னதும் நான்தான். அதைக் கேட்ட பிறகு ஒருத்தி எப்படி இப்படிச் சொல்ல முடியும்? அவசரத்தில் நான் சரியாகச் சொல்லவில்லை, கப்பல் வந்த இடத்தை நன்றாகச் சொல்லியிருந்தால் அவள் மனசு மாறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆகவே அன்று சாயங்காலம் கோழிக்காரர் வீட்டுக்குப் போய், அந்தக் கடைசிப் பக்கங்களை வரி விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு, மறுபடியும் சித்தியிடம் சொல்லப் போனேன்.