கொட்டடி நாய்

உள்ளே அடுப்படியில் நாய் உறுமியது.

"அம்மா, இத்த வந்து கட்டேன்! என்னை வெளிய வுடமாட்டேங்குது" என்று மகள் ரங்கம்மாளின் குரல் ஓலைத் தட்டிக்கு அப்பாலிருந்து கேட்டது.

"இரும்மா, வரேன். துணிய மூட்ட கட்டிட்டியா?" என்றாள் இருசம்மாள். சொன்னாளே தவிர, எழுந்திருக்கவில்லை. எழுந்து நாயைக் கட்டினால் மகள் வெளியே வருவாள். வெளியே வந்தால் போய்விடுவாள். பெற்ற வயிறு அல்லவா? இன்னும் ஒரு மூச்சு நேரம் அவள் இங்கேயே இருக்கட்டுமே என்று கெஞ்சியது.

எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான் தனக்கோடி. இருசம்மாளின் செத்துப்போன புருஷன் மாசிலாமணிக்கு உடன்பிறந்த தம்பி. ரங்கம்மாளை அழைத்துப்போகத்தான் வந்திருந்தான். பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கோட்டைக்கு அடுத்த தெருவில், ஒரு துரைசாணி வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வேளை சோறு, கட்டிக்கொள்ளப் புடவை.

"யோசிக்காத அண்ணி. இங்க இருந்து இன்னாத்த துன்னப் போவுது அது? உன் மூஞ்சியவா?" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. இரண்டு வருடமாக வானம் பொய்த்துவிட்டது. முகத்துவாரத்தை மணல் மூடி, ஏரி உப்பாய்க் காய்ந்து, கரையெல்லாம் செத்த மீன் நாறியது. கருவாட்டை வாங்கிக்கொண்டு நெல் அளந்த உள்ளூர்க் குடியானவர்களே கோரைக்கிழங்கு தோண்டித் தின்றார்கள். மாசிலாமணி அந்தக் கொடுமையைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே ஒரு கார்த்திகைக் காற்றில் கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை.

மூத்தவன் சின்னத்தம்பி ஆடி மாதம் சித்தப்பனோடு கிளம்பினான். நாகப்பட்டினத்தில் கும்பினிக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை என்றார்கள். அன்று முதல் தனக்கோடி அவ்வப்போது ஒரு சிறு பை அரிசி கொண்டுவந்து போடுவான். "உன் புள்ள அனுப்பினது" என்பான். இருசம்மாள் அந்த அரிசியைக் கையில் அள்ளி, மகனையே தொட்டதுபோலக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். இன்றும் ஒரு பை வந்திருந்தது. உலையில் போட்டாகிவிட்டது. அடுப்படியிலிருந்து சோற்று வாசம் வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது. பஞ்சத்தோடு பிள்ளை பிடிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். பக்கத்துக் குப்பத்தில் சுள்ளி பொறுக்கப் போன ஒரு பெண் திரும்பவே இல்லை. பிடித்தவர்களை எல்லாம் கோட்டைக்குப் பின்னால் ஒரு கொட்டடியில் அடைத்து, கப்பலேற்றிக் கண்காணாத தீவுக்கு அனுப்புகிறார்கள் என்று ஊரே பேசியது. ஆணில்லாத வீட்டில் வயசுப்பெண்ணை வைத்துக்கொண்டு அவள் எப்படித் தூங்குவாள்? அதனால்தான் நாய் தேடினாள்.

அடுத்த குடிசைக் கஸ்தூரியம்மாளின் நாய் அப்போது குட்டி போட்டிருந்தது. "ஒண்ண எடுத்துக்கோ இருசு. நம்ம வூட்டுக்கு ஏத்த நாய் நம்ம கருவாட்டத் துன்னு வளந்த நாய்தான்" என்றாள் அவள். இருசம்மாள் குட்டியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கை அளவு இருந்தது. இது வளர்ந்து குரைப்பதற்குள் என் பெண்ணைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று கீழே விட்டுவிட்டாள்.

கோட்டைக்குத் தண்ணீர் சுமக்கும் வீரராகவன்தான் இந்த நாயைக் காட்டினான். கன்றுக்குட்டி உயரம், சாம்பல் நிறம், ஒரு கண் பொட்டை. கொட்டடிக்குக் காவல் இருந்த சீமை நாய். கண் போனதும் கொன்றுபோடச் சொல்லிவிட்டார்களாம்.

"வேணாம் இருசம்மா. இது குடும்பத்துக்கு ஆவாது. தெனம் தண்ணி ஊத்தப் போற எனக்கே பணியாது. கொட்டடி ஆளுங்களுக்கு மட்டும்தான் பணியும்" என்றும் சொன்னான்.

அவள் கேட்கவில்லை. அத்தனை பேரைக் காத்த நாய், எங்கள் இரண்டு பேரைக் காக்காதா என்று நினைத்தாள், பேதை!

அது யாரை எதிலிருந்து காத்தது என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் விளங்கியது. உள்ளே வருகிறவர்களை அது திரும்பிக்கூடப் பார்க்காது. பட்டப்பகலில் யாரோ வந்து, அதன் கண்ணெதிரே, காயப்போட்ட கருவாட்டை வாரிக்கொண்டு போனார்கள். ஆனால் வீட்டு ஆட்கள் எந்த வாசலைத் தாண்டப் போனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு குறுக்கே நிற்கும். முளையில் கட்டிப்போட்டால்தான் வெளியே போக முடியும்.

"இன்னாடி இருசு, திருடனுக்கு வெத்தலபாக்கு வெச்சு வழியனுப்புமா உன் நாயி?" என்று கஸ்தூரியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். இருசம்மாளுக்கு அதைக் கொன்றுபோட மனம் வரவில்லை. கொல்லச் சொன்ன இடத்திலிருந்து கொண்டுவந்தது ஆயிற்றே! அது வந்தபிறகு தனக்கோடி இன்றுதான் வந்திருக்கிறான்.

"அம்மா!" என்று ரங்கம்மாள் மறுபடி கூப்பிட்டாள். நாயின் உறுமல் உரத்தது.

தனக்கோடி பொறுமையிழந்தான். "நீ எந்திரிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். நகரு" என்று சுவரில் சாய்த்திருந்த உடைந்த துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனான். துடுப்பின் அடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு இடது கையால் தொடையில் ஒரு அடி.

நாயின் காதுகள் மடிந்தன. உறுமல் தொண்டையிலேயே நின்றது. வயிறு தரையில் தேய ஒதுங்கிப்போய்ப் படுத்துக்கொண்டது.

ரங்கம்மாள் மூட்டையோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "இன்னா சித்தப்பா, மந்திரம் போட்டியா?"

இருசம்மாள் சிரிக்கவில்லை. தரையில் ஒடுங்கிக் கிடந்த நாயையே பார்த்தாள்.

"இது உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றாள்.

"எது? நாயில இன்னா அண்ணி இருக்கு. கோலெடுத்தா கொரங்கு ஆடும்."

"நாங்களும் கோலெடுத்தோம்." அவள் முழங்கையை நீட்டிக் காட்டினாள். பல் பதிந்த புண் இன்னும் ஆறவில்லை. "கடிச்சிது. கொட்டடி ஆளுக்குத்தான் பணியும்னு வீரராகவன் சொன்னான். நீ எப்ப கொட்டடி ஆளான?"

 அந்தச் சமயம் பார்த்து நாய் ஊர்ந்து வந்து தனக்கோடியின் பாதத்தின்மேல் தலையை வைத்தது. பழகின பாதம்! அவன் காலை உதறினான். அது நகரவில்லை.

"என் சின்னத்தம்பி எங்க?"

"நாகப்பட்டினத்..."

"பொய் சொன்னா நாக்கு அழுகிப்போவும் உனக்கு! எங்கடா எம்புள்ள?"

ரங்கம்மாளின் கையிலிருந்து மூட்டை நழுவியது. தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கத்தாத அண்ணி." தனக்கோடியின் குரல் இறங்கிப்போயிற்று. "அவனேதான் வரேன்னான். அம்மாவும் தங்கச்சியும் சாவக்கூடாது, மாசா மாசம் அரிசி குடுத்துடுன்னு சொல்லித்தான் ஏறினான். கப்பல்ல சோறு போடுவாங்க. இங்க இருந்தா குச்சியாட்டம் காஞ்சி செத்திருப்பான். நா இன்னா தப்பு பண்ணிட்டேன்?"

"கப்பல் நிக்குதா?"

"போயி எத்தினியோ நாளாச்சு."

"அவனேதான் ஏறினானா?"

"ஆமாங்கறேன்ல."

"அப்ப கை கட்டியிருந்துதா, அவுத்து வுட்டிருந்துதா? அத்த மட்டும் சொல்லிடு தனக்கோடி. உன் அண்ணன் மேல சத்தியமா சொல்லு!"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலடியில் கிடந்த நாயைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அந்தத் தாய் தன் மகனை முழுசாகப் பார்த்துவிட்டாள். அவன் மணிக்கட்டில் கயிறு இருந்ததையும், குறுக்கே இந்த நாய் நின்றதையும்கூடப் பார்த்துவிட்டாள்.

அவள் அலறவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை. குனிந்து மீன் நறுக்கும் கத்தியை எடுத்தாள்.

"எம்பொண்ணு வரமாட்டா. போ."

"அண்ணி, நா சொந்தக்காரன், சொல்லிட்டு இட்டுகினு போறேன். நா வுட்டா வேற ஆளுங்க வருவாங்க. அவுங்க சொல்லமாட்டாங்க."

"வரட்டும். நீ போ."

 கத்தி கீழே இறங்கவில்லை. தனக்கோடி துடுப்பை மூலையில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தான். நாய் எழுந்து, வாலை ஆட்டி, அவனுக்கு வழிவிட்டது.

வாசற்படியில் அவன் நின்றான். அடுப்படியிலிருந்து உலை பொங்கி நெருப்பில் வழியும் ஓசை வந்தது. அவனையறியாமல் அவன் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது.

"சோத்த வடிச்சுடு அண்ணி. கொழஞ்சிடப் போவுது" என்றான்.

அந்தச் சோற்றைக் கொட்டிவிட வேண்டும் என்று இருசம்மாளின் மனம் கதறியது. முதுகுக்குப் பின்னால் ரங்கம்மாள் எச்சில் விழுங்கும் சத்தம் அவள் காதில் விழுந்தது. கொட்டமாட்டாள். அது அவளுக்கும் தெரியும், படியிறங்கிப் போகிறவனுக்கும் தெரியும்.

அவன் மணலில் இறங்கி நடந்தான். நாய் திரும்பி வந்து, உள்ளே இருக்கும் இரண்டு பேரையும் பார்த்தபடி, வாசலுக்கு உட்புறமாகக் குறுக்கே படுத்தது. இருசம்மாள் அதைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைச் சாத்தினாள்.